அண்ணனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறதா?

என் அண்ணனுக்கு வயது எழுபத்தாறு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் உழைத்து, 2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் கம்பெனியை மூடியபோது வெளியே வந்தவர். எந்த ஆழத்தில் எவ்வளவு வெக்கை, எந்த ஷிப்டில் எந்த மேஸ்திரி என்று கேட்டால் இன்றைக்கும் தட்டாமல் சொல்வார். ஆனால் காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்றால் விழிப்பார். ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போனவர் ஒரு நாள் வழி தெரியாமல் கோரமண்டல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அப்போதும் வீட்டில், "அம்பது வருஷத்துக் கதையை ஒப்பிக்கிறாரே, அவருக்கா மறதி?" என்றுதான் பேசிக்கொண்டோம். நானும் அதைச் சொன்னவன்தான். இரண்டு வருடம் அப்படியே கழிந்தது.

வாசக அன்பர்கள் வீட்டிலும் இதே பேச்சு இருக்கலாம் என்பதால் எழுதத் துணிந்தேன். புதிதாக நடப்பதைப் பதிவு செய்ய மூளையின் உட்புறத்தில் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி வேண்டும். அல்சைமர் நோய் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் முதலில் கை வைக்கிறது. பழைய நினைவுகளோ மூளையின் மேற்பரப்பெங்கும் வேர் விட்டவை. அவை கடைசியில்தான் போகும். ஆகவே பழங்கதை சொல்வது மூளை நலத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

ரயில்வேயில் நாங்கள் தண்டவாளத்தின் மேல் அல்ட்ராசானிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போவோம். உள்ளே இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவை பார்த்தாலும் போதாது. அதே இடத்தைக் குறித்த காலத்தில் மறுபடி மறுபடி பார்த்து, விரிசல் வளர்கிறதா என்று எழுதி வைக்க வேண்டும். மூளைக்கும் அதே வேலையை எங்கள் கோலார் மாவட்டத்திலேயே செய்துவருகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் 2018இல் ஸ்ரீநிவாசபுரம் தாலுகாவில் அந்த ஆய்வைத் தொடங்கியது. மாம்பழத்துக்குப் பெயர் போன ஊர். கிராமங்களில் 45 வயதைத் தாண்டிய பத்தாயிரம் பேரைச் சேர்த்து, அவர்களையே பல வருடம் தொடர்ந்து பரிசோதிப்பது என்பது திட்டம். ரத்தம், ஞாபகசக்தி, மூளைப் படம் எல்லாம் பார்க்கிறார்கள். நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது என்று 2023இல் வெளியான இன்னொரு ஆய்வு கணக்கிட்டது.

சரி, அண்ணன் கதைக்கு வருகிறேன். ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆங்கிலமும் கொஞ்சம் கன்னடமுமாகக் கேள்வி கேட்டார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அண்ணன் நாலாவது வரை படித்தவர். அதைப் பள்ளிக்கூடத்திலேயே செய்ததில்லை. காதும் மந்தம். நோய் முற்றிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் வேறிடத்தில் ஒரு அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் நிதானமாக, சந்தை, சாமான், பேரன் பேத்தி என்று கேட்டார். நோய் உண்டு, ஆனால் ஆரம்ப நிலை என்றார். வீட்டில் நாங்கள் நோயே இல்லை என்றோம், அங்கே எல்லாம் போய்விட்டது என்றார்கள், இரண்டும் தப்பு.

எழுத்தறியாதவர்களுக்கு என்று கேள்விகளை மாற்றி அமைப்பது முடியாத காரியமல்ல. 1990களிலேயே ஹரியானாவின் பல்லப்கரில் ஹிந்தி பேசும் கிராமத்து முதியவர்களுக்காக அதைச் செய்திருக்கிறார்கள். வெளிமாநிலத்தில் வாழும் நம் பெரியவர்களுக்குத் தமிழில் சோதனை கேட்பது சலுகை அல்ல. கேட்டு வாங்க வேண்டியது.

மொழி விஷயத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013இல் வெளியிட்ட முடிவு இது: இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதித்து வந்திருக்கிறது. படிக்காதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும், "பாட்டி, பிள்ளைகளிடம் தமிழ் பேசிக் குழப்பாதே" என்று அதட்டும் மருமகப்பிள்ளைகள் இதைப் படிக்கட்டும்.

என் மனக்குறை ஒன்று. ஸ்ரீநிவாசபுரத்து விவசாயி வேறு, தங்கவயல் தொழிலாளி வேறு. பாறைத் துளைப்பும் வெடியும் வருடக்கணக்கில் கேட்ட காதுகள் இவை. காது கேளாமையும் டிமென்ஷியாவுக்கு ஒரு காரணமாகலாம் என்று 2024இல் லான்செட் குழு மறுபடி வலியுறுத்தியது. 1965இல் நியூட்ரினோவைத் தேடி விஞ்ஞானிகள் இதே சாம்பியன் ரீஃபில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள், கண்டும் பிடித்தார்கள். மேலே லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களைத் தேட அவ்வளவு ஆழம் போக வேண்டாம்.

முதலில் நம் சங்கமே ஒரு ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டையில், தமிழில் சோதிக்கத் தெரிந்தவர்களை அழைத்து முகாம் வைக்கலாம். பெயர் பதிய நான் உட்காருகிறேன். அண்ணனையும் அழைத்து வருகிறேன். காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இடது பக்கமாக நின்று பேச வேண்டும்.