கடல் தாண்டி ஒரு 'வேணாம்'

ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்டின் டவுனிலிருந்து போன். அத்தைக்கு மூணு வாரமா சாயங்காலக் காய்ச்சல், படுத்தா மூச்சு முட்டுது. எக்கோ எடுத்ததில் இதயத்தைச் சுத்தி நீர். இப்பவே ஊசி போட்டு எடுக்கணுமாம், கையெழுத்துக் கேக்கறாங்களாம்.

நான் சொன்னது: "வேணாம் மச்சான்! நெஞ்சுல ஊசியா? நீர் மாத்திரை குடுக்கச் சொல்லு. சனிக்கிழமை நான் வந்துடறேன்."

மூணுமே தப்பு. மாசாமாசம் பணம் அனுப்பறோம் என்பதாலேயே குடும்பத்தோட தலைமை டாக்டர் பதவியும் நமக்குத்தான்னு ஒரு நெனப்பு. நீங்களும் இதைச் செஞ்சிருப்பீங்க, இல்லேன்னா ஒருநாள் செய்வீங்க.

இதயத்தைச் சுத்தியிருக்கிற பையில் 15 முதல் 50 மில்லி நீர் எல்லாருக்கும் உண்டு. மெதுவாச் சேர்ந்தா ஒரு லிட்டர்கூடத் தாங்கும். வேகமாச் சேர்ந்தா 200 மில்லியே இதயத்தை நெரிச்சிடும். நெரிபடும்போது ரத்தம் உள்ளே நுழையறதே பெரும்பாடு. அப்ப நீர் மாத்திரை குடுத்தா வர்ற ரத்தமும் குறைஞ்சு பிரஷர் இன்னும் விழும். சனிக்கிழமை வரைக்கும் அது காத்திருக்காது.

ஊசி பயம்? கண்ணால பார்க்காம குத்தின காலத்துல அது நியாயம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1979 முதல் எக்கோ துணையோட எடுக்கறாங்க. 2002-ல் வெளியிட்ட கணக்குப்படி 1,127 தடவையில் 97 சதவீதம் வெற்றி, பெரிய சிக்கல் 1.2 சதவீதம். நீர் எங்கே அதிகமா, தோலுக்குப் பக்கத்துல இருக்குன்னு எக்கோவில் பார்த்து, ஈரல், நுரையீரல் குறுக்கே வராத வழியில குத்தறாங்க. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கொஞ்சங்கொஞ்சமா வடிக்கறாங்க. நிறைய நீரை ஒரே மூச்சில் உறிஞ்சினா இதயம் தடுமாறலாம். (மகாதமனி கிழிஞ்சு ரத்தம் தேங்கியிருந்தா கதை வேற, அதுக்கு உடனே ஆபரேஷன்.)

ஆகவே போன்ல கத்தறதுக்குப் பதிலா கேளுங்க: எக்கோ பார்த்துத்தான் எடுப்பீங்களா? எடுத்த நீரைக் காசநோய்க்குச் சோதிப்பீங்களா? நம்ம நாட்டுல இந்த நீருக்கு முக்கியக் காரணமே அதுதான். வடிச்சதோட விட்டா மறுபடி சேரும், பை தடிச்சு இதயத்தை இறுக்கவும் செய்யும்.

மச்சான் என் பேச்சைக் கேக்கலை. போனை வெச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டான். சிவப்பா வந்த நீரைப் பார்த்துத்தான் மிரண்டிருக்கான். காசநோயில் அப்படியும் வரும். இப்ப அத்தைக்கு அரசாங்க மாத்திரை, இலவசமா. என்கிட்ட மட்டும் மச்சான் சரியாப் பேசறதில்லை.