கடனில் வந்த தண்ணீர்

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீரோடு தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் கிணற்றுக்கு இறங்குகின்றன. அதனால் சேரும் நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது. அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து.

குடிநீர்த் திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்கியது. இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவரக் கிளிநொச்சி விவசாயிகள் இசையவில்லை. ஆகவே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைந்து, 2024இல் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர்.

உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றைத் தம் பொருளால் வாங்கிப் பொதுவாக்கினார்கள். நமக்கு வந்ததோ கடன். நம் பிள்ளைகளும் அடைக்க வேண்டியது. எனவே குழாயை வீணே ஓடவிடாதீர்கள். குழாய் வராத வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். தெளிவாகத் தெரிகிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.