மரத்திற்கு வாய்த்த ஆய்வுக்கூடம்

மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் தோன்றியது மலாக்காவில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ஏறத்தாழ 40 ஏக்கரில் கன்று நட்டார். அம்மரத்தைத் தாக்கும் நோய் யாது, எவ்வாறு வெட்டினால் பால் மிகும், எந்த உரம் ஏற்கும் என்றெல்லாம் ஆராய 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. அதற்கு ஈராண்டு முன்னர் வந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்றது. மரத்திற்கு ஆய்வுக்கூடம், மரம் வெட்டுபவன் பிள்ளைக்கு ஒரு கொட்டகை. எழுத்தும் எண்ணும் அவனுக்குப் போதும் என்று துரைமார் கருதினர். துரை போன பின்னும் அவர் வகுத்த எல்லையைத் தமிழர் சமுதாயமே காவல் காத்து நிற்பதுதான் கொடுமை.

அறிவியலுக்குத் தோட்டத்துப் பிள்ளை அந்நியனா? இருள் பிரியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதை அவன் தாய் அறிந்திருந்தாள். அந்நேரக் குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதே காரணம் என்பதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. மங்கில் பால் உறையாதிருக்க அம்மோனியா, தொட்டியில் உறைவதற்குப் பார்மிக் அமிலம்: இவையெல்லாம் அவள் கைபட்ட வேதியியல். பாலில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று கொட்டகையில் அளந்து பார்த்தே கூலி கணக்கிடப்பட்டது. அளக்கும் கருவியோ கிராணியின் கையில். அந்த அளவைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு மகன் லயத்தில் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்களின் கணக்குத் திருத்தி எழுதப்பட்டிருக்கும்! ஆராய்ச்சி என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்போர் இதற்கு விடை கூறட்டும்.

“முதலில் பிள்ளைகள் தேர்வில் தேறட்டும், ஆராய்ச்சி பிறகு” என்பது பெரியோர் பலரின் வாதம். யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் நீக்கப்பட்டது. சாக்கு மட்டும் நீங்கவில்லை. அது இப்போது எஸ்.பி.எம். தேர்வின் பெயரால் வாழ்கிறது. மொழியைக் காரணம் காட்டுவோரும் உளர். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவாயிற்று. மொழி போய் மொழி வந்தது. கரும்பலகையில் உள்ள சோதனைக் குறிப்பைப் பார்த்தெழுதும் வழக்கம் மட்டும் அசையவில்லை. விடை முன்பே தெரிந்த சோதனை ஆராய்ச்சியன்று, சமையற்குறிப்பு. சமையற்காரராவது உப்புப் பார்ப்பார்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கென அஸ்தி எனும் அறிவியல் புத்தாக்கச் சங்கம் நடத்திவந்த அறிவியல் விழாக்கள் ஓர் உண்மையை நிலைநாட்டின: வினா எழுப்பி, சோதித்து, முடிவை அவையில் எடுத்துரைக்கச் சிறு பள்ளிப் பிள்ளைகளாலும் இயலும். போற்றத்தக்க பணி. ஆனால் விழா முடிந்தபின் சமுதாயம் செய்வதென்ன? பதக்கத்தோடு படம் பிடித்து நாளிதழுக்கு அனுப்புகிறது. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் அப்பிள்ளையின் வினா என்னவாயிற்று என்று கேட்பார் எவருமிலர்.

அமெரிக்காவின் நவஹோப் பழங்குடியினர் 1968இல் தமக்கெனக் கல்லூரி கண்டனர். கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் அவர்தம் நிலத்தின் நீரைக் கெடுத்தன. அந்நீரே அக்கல்லூரி மாணவர்க்கு ஆய்வுப்பொருளாயிற்று. மலாக்காவில் ஆய்வுக்கூடத்திற்கா பஞ்சம்? துரியான் துங்காலில் 2000இல் தொடங்கப்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உண்டு. ஆயர் குரோ அருகே மல்டிமீடியா பல்கலைக்கழகம் உண்டு. அலோர் காஜாவிலும் ஜாசினிலும் உள்ள தமிழ் மாணவன் அவற்றின் மதிலை மட்டுமே அறிவான். விடுமுறையில் அவன் பேரங்காடியில் வேலைக்குப் போகிறான். வீட்டுக்கு அப்பணம் தேவை. ஆகவே அவனை ஆய்வுக்கூடத்திற்கு அழைப்போர் அப்பணத்தையும் தந்தே அழைக்க வேண்டும். ஆண்டுதோறும் விருந்துக்கும் மாலைக்கும் செலவிடும் சங்கங்களுக்கு இது இயலாத தொகையன்று.

ரப்பர் நின்ற மண்ணில் இன்று செம்பனை நிற்கிறது. ஆலைக் கழிவு எந்த ஓடையில் கலக்கிறது? 1991இல் துரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா மக்கள் நீருக்குத் தவித்தனரே, அவ்வணைக்கு நீர் தரும் ஓடைகள் இன்று எந்நிலையில் உள்ளன? மாதந்தோறும் சென்று அளந்து எழுதிவைக்க ஐந்து மாணவர்களும் ஓர் ஆசிரியரும் ஒரு வாடகை வேனும் போதும். அவ்வேனுக்கான வாடகையை எந்தச் சங்கம் தரப்போகிறது?