உளியின் முதுகு

நம் கவிதைகளில் உளிக்குப் பஞ்சமில்லை. காலம் ஓர் உளி, துயரம் ஓர் உளி, விமர்சகரின் பேனாவும் ஓர் உளி. எல்லாம் சிற்பியின் கல்லுளிதான். தச்சரின் உளி நம் எழுத்துக்குள் அரிதாகவே வருகிறது. வந்தாலும் பிறக்கும்போதே கூர்மையுடன் பிறந்துவிடுகிறது. கடையிலிருந்து வாங்கிவரும் புது உளி பெரும்பாலும் ஒழுங்காக வெட்டாது என்ற எளிய செய்தி, உளியை இத்தனை முறை உவமையாக்கிய நமக்கு எட்டவில்லை என்பதே என் மனக்குறை. கவிஞ நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

புது உளியின் அலகில் துருவைத் தடுக்க ஏதேனும் பூச்சு இருக்கும். அதைத் துடைத்தெடுப்பது முதல் வேலை. அடுத்ததுதான் பொறுமையைச் சோதிப்பது. பழகாதவர் சரிவான முன்பக்கத்தைத் தீட்டத் தொடங்குவார். தொழில் தெரிந்தவர் உளியைத் திருப்பி, தட்டையான முதுகைக் கல்லின்மேல் கிடத்துவார். கூர் என்பது இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடு. ஒரு தளத்தில் ஆலைச் சாணை விட்டுச்சென்ற கீறல்கள் இருக்குமானால், மறு தளத்தை எத்தனை நாள் தீட்டினாலும் அக்கோடு பொடிப்பற்களாகவே நிற்கும். முதுகு முழுவதும் வேண்டியதில்லை. கூரை ஒட்டிய ஓர் அங்குலம் கண்ணாடிபோல் ஆனால் போதும். 1000 எண் கல்லில் தொடங்கி 6000, 8000 வரை போகலாம். ஓர் உளிக்கு இந்தப் பாடு பெரும்பாலும் ஒரே முறைதான். பிறகு சரிவு: பொதுவாக 25 பாகை, கருவேலம் போன்ற கடின மரமென்றால் நுனியில் மட்டும் 30. மின்சாணையில் அவசரப்பட்டு அலகில் நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று.

ஜப்பானில் இது இன்னும் சுவையானது. அங்கே அடித்து வேலைசெய்யும் உளியின் பிடித்தலையில் இரும்புப் பூண் பெரும்பாலும் சும்மா செருகப்பட்டே விற்பனைக்கு வரும். வாங்கியவர் அதைக் கழற்றி, உள்விளிம்பின் பிசிரை அரத்தால் நீக்கி, பிடியின் தலையைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டி மர இழைகளை அமுக்குவார். இதற்குக் 'கிகோரோஷி' என்று பெயர். மரத்தைக் கொல்லுதல் என்பது நேர்ப்பொருள். பூணை இறக்கியபின், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தை நீரில் நனைத்து, பூணின்மேல் மடியுமாறு அடிப்பார்கள். கொல்லப்பட்ட மரம் நீர் பட்டதும் உப்பிப் பூணை இறுகப் பற்றிக்கொள்ளும். பாதி வேலையை வாங்குபவரிடமே விட்டுவைக்கும் இவ்வழக்கத்தை நான் பெரிய மரியாதையாகக் கருதுகிறேன்.

இத்தனையும் செய்த உளியைச் சுத்தியலோடும் ஆணியோடும் ஒரே பெட்டியில் கொட்டிவைப்பவர்களும் உண்டு. தனித்தனி அறை தைத்த முரட்டுத்துணிச் சுருளில் வைப்பது நல்லது. தோலுறை பார்க்க அழகு. ஆனால் ஈரத்தை வாங்கி அலகைத் துருவேற்றும். எண்ணெய் பூசலாம், ஆளிவிதை எண்ணெய் மட்டும் வேண்டாம். அது உலர்ந்து பிசுபிசுக்கும். ஜப்பானியர் கமேலியா விதை எண்ணெயைப் பூசுவார்கள்.

பதம் என்பது எஃகுக்கும் சோற்றுக்கும் பொதுவான சொல். சொல்லுக்கே அது இன்னொரு பெயர். சாணை, பிசிர், பூண், கொட்டாப்புளி என ஆசாரிமார் வாயில் புழங்குபவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல், அறைக்குள் அமர்ந்து கலைச்சொல் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். தமிழ்த்துறை மாணவர் ஒருவரேனும் ஆய்வேட்டுக்காக ஒரு தச்சுப்பட்டறையில் ஆறு மாதம் உட்காரட்டும். உளியின் ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கே என்ன பெயர் என்று முதலில் கேட்கட்டும்.