இழந்த பந்து

டென்னிஸ் ஆடுகிறவனுக்கு எதிரி வலைக்கு அப்பால் நிற்பவர் என்பது பொதுவான அபிப்பிராயம். அது பாதி உண்மைதான். மற்றோர் எதிரி வலைக்கு இப்பாலேயே, நம்முடைய மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்!

சென்ற மாதம் நம் மாணவன் ஒருவன் பந்தயத்தில் முதல் ஸெட்டைச் சுலபமாக வென்றான். இரண்டாவதில் ஒரு பந்தை வலையில் அடித்துவிட்டான். பந்து கீழே விழுந்துவிட்டது. அவன் மனம் மட்டும் வலையிலேயே சிக்கிக்கொண்டது. அடுத்த ஆறு பந்துகளும் பாழாயின, பந்தயமும் போயிற்று. நாம் அவனைக் கண்டிக்கவில்லை. காலை வகுப்பில் வந்த கோபத்தை மாலை வரையில் சுமந்து திரியும் நாம் யாரைக் கண்டிப்பது?

1975-ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதிப் பந்தயத்தைப் பற்றி அவனுக்குச் சொன்னோம். ஒரு பக்கம் முந்திய ஆண்டின் வெற்றி வீரர் ஜிம்மி கானர்ஸ், வயது 22. மறு பக்கம் ஆர்தர் ஆஷ், வயது 31. கானர்ஸே வெல்வார் என்று அநேகமாக எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஆஷ், எதிரிக்குப் பிரியமான வேகப் பந்தைக் கொடாமல், மெதுவான பந்துகளாகக் கொடுத்து வந்தார். பக்கம் மாறும் இடைவேளைகளில் நாற்காலியில் அமர்ந்து கண்களை மூடிக்கொண்டார். பார்த்தவர்களுக்கு அது தியானமாகவே தோன்றியது.

6–1, 6–1 என்று முதல் இரண்டு ஸெட்டுகள் அவருக்குக் கிடைத்தன. மூன்றாவதை 5–7 என்று இழந்தார். நான்காவதில் 0–3 என்று பின்தங்கினார். இந்த இடத்தில்தான் நம் மாணவன் தோற்றது. ஆஷோ போனதைப் போனதாக விட்டு, அதே நிதானத்துடன் ஆடி, 6–4 என்று பந்தயத்தை முடித்தார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின ஆடவர் அவரே.

"மனம் அலையாமல் நிறுத்துவது எப்படி, ஸார்?" என்று கேட்டான் பையன்.

நிறுத்துவது யாருக்கும் எளிதன்று. அலைந்ததைக் கண்டு திருப்பி அழைத்து வரலாம். டிமதி கால்வே என்னும் அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர் 1974-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. பந்து தரையில் படும் கணத்தில் ஒரு சொல். மட்டையில் படும் கணத்தில் இன்னொரு சொல். சொல் முந்தினாலும் பிந்தினாலும், மனம் பந்தோடு இல்லை என்று அறியலாம்.

இப்போது பையன் "தரை, மட்டை" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆடுகிறான். தோழர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த பந்தயத்தில் ஜயிப்பானோ, மாட்டானோ. ஒரு பந்துக்காக ஆறு பந்துகளை இழக்க மாட்டான்.

நாமும், வகுப்பு மாறும் மணி அடித்ததும், வாசலில் ஒரு கணம் நின்று மூச்சு விட்டுவிட்டே அடுத்த அறைக்குள் நுழைகிறோம்.