இரக்கம் வேறு, ரசனை வேறு

ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 22 அன்று மறைந்தார். அவருடைய கடைசித் தனித்தொகுப்பான ‘பேஷன்ட் நம்பர் 9’ (2022) பற்றி எழுத அமர்கையில் சங்கடமாகவே இருக்கிறது. பார்க்கின்சன் நோயோடு, 73 வயதில் பாடியவரைக் குறைசொல்ல நாக் கூசுகிறது. ஆயினும் நோயைக் காட்டிச் சலுகை அளிப்பது, அரை நூற்றாண்டுக்கு மேல் பாடிய கலைஞரை அவமதிப்பதாகும்.

தொகுப்பில் 13 பாடல்கள். ஜெஃப் பெக், எரிக் கிளாப்டன், சாக் வைல்ட் எனக் கிதார் மேதைகள் வரிசையாக வருகிறார்கள். இலை கொள்ளாத பந்திதான். (பசி அடங்கியதா என்பது வேறு கேள்வி.) கிளாப்டன் வாசிக்கும் ‘ஒன் ஆஃப் தோஸ் டேஸ்’ பாடலில் நம் செவி கிதாரின் பின்னே போய்விடுகிறது, பாடுபவர் தம் பாட்டிலேயே விருந்தாளியாகிறார். தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் குரலை இழைத்து இழைத்து மெருகேற்றியிருக்கிறார். மூக்கொலி கலந்த அந்தப் பழைய புலம்பலின் சொரசொரப்புப் பல இடங்களில் காணாமற்போகிறது.

‘டிகிரடேஷன் ரூல்ஸ்’ அப்படியன்று. பர்மிங்காமின் பிளாக் சப்பாத் குழுவில் உடனிருந்த டோனி அயோமி, ஆஸியின் தனித்தொகுப்பொன்றில் முதன்முறையாக வாசிக்கிறார். கனத்துத் தாழ்ந்து நகரும் கிதார். ஊடே ஆஸியே ஊதும் ஹார்மோனிகா. 1970இல் வந்த ‘தி விசார்ட்’ பாடலை அறிந்தவர்களுக்கு அந்த ஊதல் பழகியதே. இங்கே குரலுக்கு எவரும் முட்டுக்கொடுக்கவில்லை. அது தானே நிற்கிறது.

2023 கிராமி விழாவில் சிறந்த ராக் தொகுப்புக்கான விருது இத்தொகுப்புக்கும், மெட்டல் பிரிவின் விருது இந்தப் பாடலுக்கும் கிடைத்தன. பின்னதில் மட்டுமே நமக்கு உடன்பாடு.