சோடனைக்குப் பின்னால் சூடேறும் எஞ்சின்

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டம் தொடங்கிய சில நாட்களிலேயே, பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்தப்பட்டிருந்த அனுமதியற்ற மேலதிக பாகங்களை அகற்றும் நடவடிக்கையில் பொலிஸார் இறங்கினர். தனியார் பஸ் சங்கங்களும் முச்சக்கரவண்டிச் சங்கங்களும் எதிர்த்தன. அதையடுத்துக் கால அவகாசம் கிடைத்தது. அந்த நாட்களில் நடந்த விவாதத்தில் ஒரு தரப்பு விபத்தையும் ஒழுங்கையும் பற்றிப் பேசியது. மறுதரப்பு செலவழித்த பணத்தையும், தன் வண்டியை அழகாக வைத்திருக்கும் உரிமையையும் பற்றிப் பேசியது. வண்டியின் எஞ்சின் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

பேசியிருக்க வேண்டும். சோடனைகளில் பெரும்பாலானவை எஞ்சினுக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் வண்டியின் முகப்பிலுள்ள கிறிலை மறைக்கும் சோடனை மட்டும் உரிமையாளரின் காசைச் சத்தமில்லாமல் தின்னக்கூடியது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஏ4 வீதி நெடுகப் பார்த்தால் இது தெரியும். பஸ்களின் முகப்பில் பளபளக்கும் ஸ்டீல் தகடு, பெயர் எழுதிய பலகை, வரிசையாக மேலதிக விளக்குகள். வான்களிலும் கார்களிலும் தொழிற்சாலைக் கிறிலுக்கு மேல் இன்னொரு அலங்கார மூடி, சிலவற்றில் ரெக்சின் உறை. இவற்றுக்குச் சில அங்குலம் பின்னால்தான் ரேடியேட்டர் இருக்கிறது.

எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சில்லைச் சுழற்றாமல் வெப்பமாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்த வெப்பத்தை ரேடியேட்டர் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். வண்டி வேகமாக ஓடும்போது காற்று தானாக உள்ளே வரும். மெதுவாக ஓடும்போதும் நிற்கும்போதும் மின்விசிறி இழுக்க வேண்டும். இரண்டு காற்றுக்கும் வாசல் கிறில்தான். வாசலில் பாதியை அடைத்தால் விசிறி எவ்வளவு சுழன்றாலும் இழுப்பதற்குக் காற்றுப் போதாது.

“பல வருடமாகப் போட்டிருக்கிறேன், ஊசி நடுவில்தான் நிற்கிறது” என்று சாரதிகள் சொல்வார்கள். அது பொய்யில்லை. வண்டியைச் செய்தவர்கள் தேவையைவிடக் கொஞ்சம் பெரிய ரேடியேட்டரைத்தான் வைக்கிறார்கள். கரையோரத்துச் சமதரையில், இரவுக் குளிரில், அந்த மிச்ச வலு மூடியின் தடையை ஈடுகட்டிவிடும். மேலும் பல வாகனங்களில் வெப்ப ஊசி, எஞ்சினின் சூடு கணிசமாகக் கூடிக் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அது மேலே ஏறத் தொடங்கும்போது மிச்ச வலு தீர்ந்திருக்கும்.

அது தீரும் இடம் ஏற்றம். அம்பாறை, மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்களுக்குப் பதினெட்டு வளைவு தெரியும். ஆட்களும் சாமான்களும் நிறைந்த வண்டி அங்கே சின்னக் கியரில் ஊர்ந்து ஏறுகிறது. எஞ்சின் முழு வலுவில் உழைக்கிறது. முன்னாலிருந்து வரும் காற்றோ மிகக் குறைவு. ஊரில் ஒரு தொல்லையும் தராத மூடி அங்கேதான் தன் வேலையைக் காட்டும்.

கனடாவில் உள்ள நம் உறவுகள் குளிர்காலத்தில் லொறிகளின் முகப்பை உறையால் மூடியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அது அங்கே சரி. வெளியே உறைநிலைக்குக் கீழே 10 பாகை, ரேடியேட்டரில் 95 பாகை என்றால் இடைவெளி 105. கல்முனையில் நண்பகல் 35 பாகை என்றால் இடைவெளி 60 மட்டுமே. வெப்பம் வெளியேறும் வேகம் அந்த இடைவெளியைப் பொறுத்தது. குளிர்நாட்டைவிட நமக்கு அதிகக் காற்று தேவைப்படும்போது நாம் வாசலை அடைக்கிறோம்.

நம் கரையோரத்துக்கு இன்னும் இரண்டு பலவீனங்கள் உண்டு. கடற்காற்றின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை வெளியிலிருந்து அரிக்கிறது. உள்ளே பலர் ஊற்றுவது கூலன்ட் இல்லை, கிணற்றுத் தண்ணீர். 2004 சுனாமி உவராக்கிய கிணறுகளை இந்தக் கரை கண்டது. இன்றும் கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு இருக்கிறது. அந்த உப்பும் சுண்ணாம்பும் குழாய்களுக்குள் படிந்து துருவையும் அடைப்பையும் உண்டாக்கும். ஏற்கெனவே உள்ளும் புறமும் தளர்ந்த ரேடியேட்டரின் முன்னால்தான் மூடியையும் போடுகிறோம்.

சூடு எல்லை தாண்டினால் நடப்பதைக் கராஜ்காரர்கள் நன்றாக அறிவார்கள். எஞ்சினின் ஹெட் வளையும், கெஸ்கட் எரியும், தண்ணீர் எண்ணெயில் கலந்து பால் தேத்தண்ணீர் நிறத்தில் வரும். கடைசியில் பிஸ்டன் இறுகி எஞ்சின் நிற்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியில், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் பழைய வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ குடும்பங்களின் முதலீடு லீசிங்கில் எடுத்த ஒரு வாகனம்தான். எஞ்சின் நின்றாலும் லீசிங் தவணை நிற்காது.

முச்சக்கரவண்டிக்கு இந்தக் கணக்கு வேறு. இங்கு ஓடும் பெரும்பாலானவற்றில் ரேடியேட்டரே இல்லை. பின்னாலுள்ள எஞ்சின் நேரடியாகக் காற்றால் குளிர்கிறது. முன்னால் ஒட்டும் ஸ்டிக்கரும் தொங்கும் குஞ்சமும் எஞ்சினைச் சூடாக்காது. பின்பக்கக் காற்றுத் துளைகளை மறைக்கும் தகடும் ஸ்பீக்கர் பெட்டியும்தான் கவனிக்க வேண்டியவை.

இந்த வேறுபாடு முக்கியமானது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து ஓட்டியவர்களுக்குக் கண்ணில் படாத வண்டியே நல்ல வண்டி. துவக்குச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் பிள்ளையின் பெயரையும் ஊரின் பெயரையும் வண்டி முகப்பில் துணிந்து எழுத முடிந்தது. சீருடை வந்து “எல்லாவற்றையும் கழற்று” என்னும்போது இங்கே அது வெறும் வீதி ஒழுங்காகக் கேட்பதில்லை. காரணம் சொல்லாத கட்டளைக்குக் கிடைக்கும் கீழ்ப்படிவும் பொலிஸ் போகும் வரைதான். அடுத்த மாதம் மூடி திரும்ப ஏறும்.

ஆகவே இரண்டு தரப்பிடமும் கேட்பதற்கு இருக்கிறது. போக்குவரத்து அமைச்சும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களமும், எது ஆபத்து, எது வெறும் அலங்காரம் என்று பிரித்து, காரணத்தோடு, தமிழிலும் படம் போட்டு வெளியிட வேண்டும். பொலிஸ் நிலையத்துக்கு ஒரு விளக்கம் என்று இருக்கக் கூடாது. ரேடியேட்டருக்குப் போகும் காற்று, விளக்குகள், சாரதியின் பார்வை, பாதசாரியைக் கிழிக்கும் கூர்மையான இரும்பு ஆகிய நான்கிலும் தளர்வு வேண்டாம். மீதியில் மனிதரை விட்டுவிடலாம்.

வாகனம் வைத்திருப்பவர்கள் அந்த அறிவித்தலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. விசிறி சுழலும்போது கிறிலின் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். மூடி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் தாள் மூடியோடு விழுந்தால் பதில் கிடைத்துவிட்டது. ஏசி பூட்டிய வண்டியில் அதன் குளிர்ச்சி குறைவதும் முன்னறிவிப்பாகலாம். அதன் குளிர்விக்கும் தட்டு ரேடியேட்டருக்கு முன்னால் அதே காற்றுக்குத்தான் காத்திருக்கிறது. தூரப் பயணத்துக்கு முன் மூடியைக் கழற்றுங்கள். வழியில் கொதித்துவிட்டால் சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்; பீறிடும் நீராவி முகத்தைப் பொசுக்கும்.

பிள்ளையின் பெயரைக் கண்ணாடியின் மேல்விளிம்பிலோ பக்கவாட்டிலோ எழுதலாம். காற்று உள்ளே போக வண்டிக்குக் கிறிலைவிட்டால் வேறு வழி கிடையாது.